வெற்றி நாளன்று நான் எழுதிய கேப்ஷன்

1. விசா இருந்தவள்

அந்த போன் வந்தபோது நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடி ஜன்னலில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். பண்டிகைக் கூட்டத்தை மேலேயிருந்து எடுப்பது எங்கள் தொழிலில் வருஷா வருஷம் வரும் வேலை. தலைகளும் பைகளும் மட்டும் தெரியும். என் கணக்கில் அது பதினெட்டாவது தடவை.

பேசியவர் எங்கள் பீரோ சீஃப் கோபிநாத் சார்.

"நிர்மலா, உன் பாஸ்போர்ட்ல அந்த விசா இன்னும் இருக்கா?"

"எந்த விசா சார்?"

"எலெக்‌ஷன் எடுக்கப் போனியே, அது."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"அப்ப வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டு. டெல்லி ஆளுக்கு விசா தரமாட்டேன்னுட்டாங்க. தலைநகரம் மூணு நாள்ல விழுந்துடும்னு பேசிக்கறாங்க."

நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இன்றும் உறவும் வீடும் உள்ள ஒரு குடும்பத்தைப் பற்றிய குறிப்பு இது. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

அப்போது நான் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையை ஒட்டி ஆபீஸ் வைத்திருந்த ஒரு செய்தி நிறுவனத்தில் சீனியர் போட்டோகிராபர். நாங்கள் அனுப்பும் படங்களைப் பல நாட்டுப் பத்திரிகைகள் எடுத்துப் போடும். வெள்ளம், தேர்தல், கோர்ட் வாசல் எல்லாம் எடுத்திருக்கிறேன். சண்டை நடக்கும் ஊருக்குப் போனதில்லை. என்னை அனுப்பியதற்கு ஒரே காரணம், விசா என்னிடம் இருந்தது.

2. நுழைந்த நாள்

கிளர்ச்சிப் படை பெரிய சண்டை எதுவும் இல்லாமல் உள்ளே வந்தது. ராணுவம் அதற்கு முன்பே கலைந்துவிட்டது. வெற்றி என்று நான் முதலில் பார்த்தது நடுரோட்டில் கிடந்த பூட்ஸ்களைத்தான். சிப்பாய்கள் யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டுவிட்டு பனியனோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரு கிழவர் அந்த பூட்ஸ்களில் ஜோடி தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு வண்டி ஓட்டியவரும் மொழிபெயர்த்தவரும் ஒருவரே. பெயர் இலியாஸ் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் டாக்ஸி ஓட்டினார்.

முதல் மூன்று மணி நேரம் எல்லாரும் எடுத்த படத்தையே நானும் எடுத்தேன். ஜீப் மேலே கொடி, வானத்தைப் பார்த்துத் தூக்கிய துப்பாக்கி, பூ எறியும் பெண்கள். என் பக்கத்தில் ஏழெட்டு போட்டோகிராபர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். எங்கள் படங்களைக் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று எங்களுக்கே தெரியாது.

அதனால் இலியாஸைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தை விட்டு விலகி, பக்கத்துத் தெருவிலிருந்த ஒரு அமைச்சகக் கட்டடத்துக்குள் போனேன். உள்ளே மாடிப் படிக்கட்டில் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை. அவருக்குப் பின்னால் நின்ற போராளி ஒரு கையில் துப்பாக்கியைப் பிடித்து, மறு கையை அவர் தலைமேல் வைத்திருந்தான். ஆசீர்வாதம் செய்வதுபோல் இருந்தது அந்தக் கை. படிக்கட்டில் இருந்தவர் நேராக லென்ஸைப் பார்த்தார். ஒன்பது ஃப்ரேம் எடுத்தேன்.

"இவர் யாருன்னு கேளுங்க," என்றேன்.

இலியாஸ் போராளியிடம் கேட்டார். அவன் இரண்டு சொல் சொன்னான்.

"அரசாங்கத்து ஆள் என்கிறான்," என்றார் இலியாஸ்.

என் நோட்டில் "அரசாங்கத்து ஆள்" என்று எழுதிக்கொண்டேன். வெளியே வெடிச்சத்தம் கேட்டது. ஓடினோம். அது பட்டாசு.

காரில் உட்கார்ந்தே லேப்டாப்பில் படத்தை கிராப் செய்து அனுப்பினேன். முகமும் அந்தக் கையும் மட்டும் இருந்தால் படம் பேசும் என்று தோன்றியது. மிச்சத்தை வெட்டினேன். சென்னை டெஸ்க்கில் அன்று ரஹீம் இருந்தான். மயிலாப்பூர்க்காரன், கை வேகமானவன். மெசேஜ் அனுப்பினான்: "அக்கா, படம் பிரமாதம். அரசாங்கத்து ஆள்னா யாரு? மந்திரியா, போலீஸா? தெளிவா ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் பதில் டைப் செய்தேன். அதைச் செய்ய எனக்குப் பத்து வினாடி ஆகியிருக்கும்.

மறுநாள் அந்தப் படம் எத்தனையோ பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் வந்தது. கீழே, "ஆட்சி கவிழ்ந்த நாளில் பிடிபட்ட ரகசியப் போலீஸ் உளவாளி" என்று இருந்தது. கோபிநாத் சார் போன் செய்து, "இருபது வருஷத்துல நம்ம பீரோவிலேர்ந்து இப்படி ஒரு படம் போனதில்ல," என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

3. ரிசப்ஷனில் ஒரு பெண்

நான் ஊர் திரும்பி நான்கு மாதம் கழித்து, ஒரு காலையில் ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண் காத்திருப்பதாகவும், படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் பெயர் போட்டிருக்கும் ஆளைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதாகவும் சொன்னார்கள்.

சமீரா என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். தன் மகளின் முதுகெலும்பு ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு வந்து, பாலவாக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருந்தார். உடைந்த ஆங்கிலத்தில் பேசினார். பையிலிருந்து என் படத்தின் பிரின்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இவர் என் கணவர்," என்றார். "எலெக்ட்ரீஷியன்."

பிரின்ட்டை என் பக்கம் திருப்பினேன்.

"அந்தக் கட்டடத்துல பதினொரு வருஷம் வேலை. அன்னைக்கு கரென்ட் போச்சு, ஜெனரேட்டர் பார்க்கப் போனார். இப்போ ஜெயில்ல இருக்கார். வேற யாரும் அவர்மேல புகார் சொல்லல. ஃபைல்ல ஒரே ஒரு சாட்சிதான் இருக்கு." பிரின்ட்டின் மேல் விரலை வைத்தார். "இதோ, இங்க எழுதியிருக்கே, இதான்."

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. வக்கீல் கேட்டதாக மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: அன்றைக்கு எடுத்த எல்லாப் படங்களும் வெட்டாமல் வேண்டும், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், கேப்ஷன் எப்படி எழுதப்பட்டது என்று நான் கையெழுத்துப் போட்ட அஃபிடவிட்.

"முடியுமா?" என்று கேட்டார்.

"பார்த்துட்டுச் சொல்றேன்," என்றேன். அலுவலகங்களில் எல்லாரும் சொல்லும் பதில்தான்.

4. வெட்டிய பாகம்

கேமராவில் பதிவான மூலப் படங்களை, ரா ஃபைல்களை, திறந்தேன். ஒன்பது ஃப்ரேமையும் முழுசாக, பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது ஃப்ரேமில் அவர் சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் செருகியிருந்தது. நான்காவதில் இடது மணிக்கட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ரோல், வளையல் மாதிரி. படிக்கட்டில் அவர் காலடியில் ஒரு கட்டிங் பிளேயர். பின்னால் சுவரில் சுவிட்ச்போர்டின் மூடி திறந்து தொங்கியது.

எல்லாம் என் படத்திலேயே இருந்தது. கேமரா பார்த்திருக்கிறது. வெட்டியது நான்.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். "அரசாங்கத்து ஆள்" என்றுதான் எழுதியிருந்தது. உளவாளி என்ற சொல் எங்கிருந்து வந்தது? ரஹீமிடம் போனேன். அவன் அன்றைய டெஸ்க் மெசேஜ்களைத் தேடிப்பிடித்து, ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினான். என் பதில் அப்படியே இருந்தது: "ரகசியப் போலீஸ் உளவாளியா இருக்கணும்."

"நான்தான் சொல்லியிருக்கேன்," என்றேன்.

ரஹீம் ஸ்கிரீனில் அந்தக் கடைசிச் சொல்லைத் தொட்டான். "அக்கா, 'இருக்கணும்'ங்கறத எடுத்துட்டு அனுப்பினது நான். லெட்டர் எழுதினீங்கன்னா என் பேரையும் சேர்த்து எழுதுங்க."

"உனக்குப் பிரச்னையாகும்."

"ஆவட்டும்க்கா. அந்தாளு உள்ள கீறாருல்ல."

5. விளக்கமா, திருத்தமா

கோபிநாத் சார் கெட்டவர் இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே நிறுவனத்தில் இருந்தவர். அப்படி இருப்பவர்களுக்கு வரும் பயம் அவருக்கும் இருந்தது. சமீரா கேட்டதை அவரிடம் சொன்னேன்.

"நிர்மலா, இந்தப் படம் அவார்டுக்குப் போய், கடைசி ரவுண்டுல நிக்குது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். வாபஸ் வாங்கிக்கறேன்."

"அவசரப்படாத. நாம தப்புன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு அந்தக் குடும்பமே நம்ம மேல கேஸ் போடலாம். ஹெட் ஆபீஸ் லீகலுக்கு அனுப்பறேன்."

லீகலிலிருந்து பதில் வர ஒன்பது நாள் ஆனது. ஒரு 'விளக்கம்' வெளியிடலாம், 'திருத்தம்' வேண்டாம் என்றார்கள். படத்தில் இருப்பவரின் அடையாளத்தைத் தனியாக உறுதிசெய்ய முடியவில்லை என்று ஒரு வரி. கடிதம் கிடையாது.

அந்த ஒன்பது நாளில் சமீரா தினமும் காலை பத்து மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்புவார். "இன்று?" என்று மட்டும். நான் "இன்னும் இல்லை" என்று பதில் போடுவேன். என் வேலை வாழ்க்கையில் எத்தனையோ எடிட்டர்களின் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பதில் எழுதுவது அதையெல்லாம்விடக் கஷ்டமாக இருந்தது.

பத்தாவது நாள் ஒன்பது படங்களையும் பெரிதாக பிரின்ட் போட்டு, கோபிநாத் சார் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினேன். பக்கத்தில் என் நோட்டையும் வைத்தேன்.

"சார், லீகல் இந்தப் படங்களைப் பார்க்கல. நீங்க பாருங்க. இவர் யாரு?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டாவது படத்தில் நின்றார். நான்காவதில் டேப் ரோலைப் பார்த்தார், பிளேயரைப் பார்த்தார்.

"வயர்மேன்," என்றார்.

"ஆமா சார்."

"நம்ம ஆபீஸ் வயர்மேனும் இப்படித்தான் கையில மாட்டிக்கிட்டு வருவார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லெட்டர்ஹெட் எடுத்துட்டு வா. நானே எழுதறேன். ஹெட் ஆபீஸ் என்னைக் கேக்கட்டும்."

கடிதத்தில் 'தவறு' என்ற சொல்லை அவரே எழுதினார். படத்தை வாங்கிய எல்லாப் பத்திரிகைகளுக்கும் அன்றே திருத்தம் போனது. மயிலாப்பூரில் ஒரு நோட்டரியிடம் என் அஃபிடவிட்டில் முத்திரை வாங்கினேன். ரஹீமும் தனியாக ஒன்று கொடுத்தான். அவார்டுக்காரர்களுக்கு மூன்று வரி எழுதிப் படத்தை வாபஸ் வாங்கினேன். காரணத்தையும் எழுதினேன். எனக்கும் ரஹீமுக்கும் மெமோ வந்தது. கோபிநாத் சாருக்குக் கிடைக்க வேண்டிய பிரமோஷன் கிடைக்கவில்லை. அதற்கு இதுதான் காரணமா என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

6. பாலவாக்கத்தில்

இரண்டு மாதம் கழித்து சமீராவின் கணவரை விட்டார்கள். எங்கள் காகிதங்கள் ஒரு காரணம் என்று வக்கீல் சொன்னாராம். கூட வேலை பார்த்த இரண்டு பேர் துணிந்து போய்ச் சாட்சி சொன்னதும் ஒரு காரணம். எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

மகளைப் பார்க்க அவர் சென்னை வந்தார். சமீரா என்னைக் கூப்பிட்டார். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். பாலவாக்கம் உள்தெருக்களில் வழி தெரியாமல் நின்றபோது ஆட்டோக்காரர் இறங்கி விசாரித்துவிட்டு வந்தார். "வெளிநாட்டு பேஷன்ட்டுங்க தங்குற வூடுதானே மேடம்? அந்தப் பச்ச கேட்டாண்ட கீதாம். எறங்கிக்கிறீங்களா?"

கதவைத் திறந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அந்த முகத்தை நான் ஆயிரம் தடவையாவது ஸ்கிரீனில் பார்த்திருப்பேன். மிகவும் இளைத்திருந்தார். டீ கொடுத்தபோது வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. மகள் முதுகில் பெல்ட் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்து காட்டினாள்.

மன்னிப்புக் கேட்டேன். சமீரா அவரிடம் சொன்னார். அவர் தலையசைத்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். சமீரா சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க வந்ததும் அவருக்கு நிம்மதியா இருந்துச்சாம். வெளியூர்க்காரங்க, விசாரிப்பாங்கன்னு நினைச்சாராம். நீங்க விசாரிச்சீங்க. துப்பாக்கி வச்சிருந்தவன்கிட்ட கேட்டீங்க. இவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். இவர்கிட்ட கேக்கல."

தலைமேல் அந்தக் கை இருக்கும்போது அவரால் பேசியிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை முடிந்திருக்காது. ஆனால் நான் கேட்கவில்லை என்பது உண்மை. "ஆமா," என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் படம் பழைய கேப்ஷனோடு இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. நாங்கள் அனுப்பிய திருத்தத்தைப் போட்ட இடங்கள் குறைவு. அவர்கள் பழைய வீட்டுக்குத் திரும்பவில்லை, வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை ஆறு வருஷம் வேலை பார்த்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். படத்தில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். முடியவில்லை என்றால் "யாரென்று தெரியவில்லை" என்று எழுதுங்கள். நான் அப்படி எழுதிய ஒவ்வொரு தடவையும் டெஸ்க் என்னைத் திட்டியது. அந்த இரண்டு சொல்லை வைத்து யாரையும் சிறையில் அடைக்க முடியாது.