வெள்ளைக்காரன் போட்ட பிள்ளையார் சுழி

அந்த றொக் பாட்டுக்காரன் உண்மையிலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊரில் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்காத ஆட்களே இல்லை. எழுபதுகளில் நீண்ட முடியோடு இங்கே அலைந்த வெள்ளைக்காரர் எல்லோரும், அவன் உலகப் புகழ் பெற்ற பிறகு, அவனாகவே ஆகிவிட்டார்கள். என் சிநேகிதியின் குருநகர் வீட்டில் அவன் கொஞ்ச நாள் தங்கினான் என்பதும் அந்தக் கதைகளில் ஒன்று. அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவள் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, நான் அரியாலைச் சைவம். அவளுடைய அண்ணை வைத்திருந்த இசைத்தட்டுகளில் அவனுடைய பாட்டைக் கேட்டு, பாதி விளங்காமலே உருகியிருக்கிறோம். எண்பத்து மூன்றில் அவளுடைய கலியாணத்துக்கு அரியாலைக் கடலை நீர்வர்ணத்தில் படமாகக் கீறிக் கொடுத்தேன். நீர் வற்றின கரையில் சாய்ந்து கிடந்த ஒரு வள்ளம், அதற்கு அப்பால் வெறும் வெளிச்சம். கரையில் நான் கீறக் கீற அவள்தான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். அதைவிட நல்ல படம் பிறகு நான் கீறவில்லை. பெயர் மட்டும் போடவில்லை. சிநேகிதிக்குக் கொடுக்கிற படத்தில் பெயர் என்னத்துக்கு என்ற பெருந்தன்மை. மடைச்சி.

சில வருடங்கள் கழிந்தன. நான் சித்திர ரீச்சராகியிருந்தேன். நிவாரண வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர், அதிபர் மூலமாக எனக்குச் சொல்லியனுப்பினார். அவர் ஒரு படம் வாங்கப்போகிறார். அந்தப் பாட்டுக்காரன் படமும் கீறுவானாம். இது அவன் இங்கே தங்கியபோது கீறியதுதானா என்று, படம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன்.

அவருடைய மேசையில் என் கடல் கிடந்தது. கீழ் மூலையில் அந்தப் பாட்டுக்காரனின் கையெழுத்து, இசைத்தட்டு உறையில் இருந்த அதே வளைவுகளோடு. எதிர்க் கதிரையில் என் சிநேகிதி. படம் பார்க்க வரும் ரீச்சர் நான்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லைப் போலும், முகம் வெளிறிவிட்டது. புருஷன் ஜெர்மனியில், பிள்ளைகளோடு அவளும் போகக் காசுக்கு வழி பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் வேறொரு படம் கீறி, அவனுடைய கையெழுத்தையும் நானே வைத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் இது என் படம்.

இதைக் கீறியது நான் என்று எனக்கு வந்த இங்கிலீசில் சொன்னேன். அத்தாட்சி ஏதும் இருக்கிறதா என்று வெள்ளைக்காரர் மரியாதையாகக் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன்.

"சொல்லடி. நீதானே பக்கத்திலை இருந்தனி."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் தலைக்கேறியது. படத்தின் சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். எந்தக் கடதாசியில் கை வைத்தாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் எனக்குக் கை ஓடாது. பரீட்சைத் தாளோ படமோ, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். படமென்றால், சட்டம் மறைக்கிற ஓரத்தில் பென்சிலால் போட்டுவிடுவேன். பிள்ளையாரைக் கேட்காமல் நீ தும்மவும் மாட்டாய் என்று பள்ளிக்கூடத்தில் அவள் என்னைப் பகிடி பண்ணாத நாளில்லை. சட்டம் கழன்றதும் மேல் ஓரத்தில் சுழி தெரிந்தது. இது சைவ ஆட்கள் எதையும் தொடங்க முதல் போடுவது, எந்த வெள்ளைக்காரனுக்கு இது வரும் என்று கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவளுடைய இங்கிலீசு என்னுடையதைவிட நல்லது. ஆறுதலாக, அவசரமில்லாமல் சொன்னாள். அந்தப் பாட்டுக்காரன் சாமிமாரைத் தேடித்தானாம் இங்கே வந்தான். விடிந்தால் கோயிலுக்குப் போய்விடுவானாம். இந்தச் சுழியைப் போடாமல் ஒரு வரியும் எழுத மாட்டானாம். நாங்கள் வேதக்காரர், எங்கள் வீட்டில் வேறு யார் இதைப் போட்டிருப்பார்கள் என்றும் கேட்டாள்.

வெள்ளைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பாட்டுக்காரனின் கதையைக் கரைத்துக் குடித்தவர் அவர். அவருக்கு எல்லாம் பொருந்தியது.

களவை நான் மன்னித்திருப்பேன். ஆனால் என்னைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரிந்ததை எடுத்து எனக்கே எதிராகத் திருப்பினாள். அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஏனடி என்று மட்டும் கேட்டேன்.

"நீ கீறினதெண்டா இந்தப் படத்தை ஆர் வாங்கிறது?" என்றாள், இப்போது என் கண்ணைப் பார்த்தே.

வெள்ளைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்டத்தைக் கழற்றிப் பார்க்கிற யோசனை தனக்கு வந்திருக்காது என்றார். நான் வராவிட்டால் இந்தப் படத்தை நம்பியே இருக்க மாட்டாராம். அவர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. அப்படியிருந்தும் அவள், எனக்கு இங்கிலீசே தெரியாததுபோல, ஒவ்வொரு வசனமாக அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.