கேக்கம்மாவின் ஐந்து வளைவுகள்

சைக்கிள் சங்கத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேக்கம்மா என்றால்தான் தெரியும். பேக்கரியில் வேலை. பிறந்தநாள் கேக், கல்யாண நாள் கேக், ஓய்வு பெறுகிறவருக்கு அலுவலகத்தார் சேர்ந்து வாங்கும் கேக், எதுவானாலும் வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பவள் அவள்தான். முன்சக்கரத்துக்கு மேல் தகரப் பெட்டி பொருத்திய கனமான சைக்கிளில் பதினோரு வருடமாக இதே வேலை. முப்பத்தேழு வயதில் அவள் தொடை இரண்டும் தூண் மாதிரி இருந்ததற்கு அந்தப் பெட்டிதான் காரணம்.

அதனால் மேட்டில் அவளைப் பிடிக்க ஆளில்லை. இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏறும்போது இவள் மூக்கால் மூச்சு விட்டபடி தாண்டிப் போவாள். ஆனால் பந்தயம் மேட்டோடு முடிந்துவிடுவதில்லையே. நீரேற்று நிலையத்தைச் சுற்றிப் போகும் சாலையில்தான் சங்கத்துப் பந்தயங்கள் எல்லாம். ஒரு சுற்று ஆறு கிலோமீட்டர், பத்துச் சுற்று. சுற்றுக்கு ஒரு மேடு, ஐந்து வளைவு. மேட்டில் சம்பாதித்ததை எல்லாம் அந்த ஐந்து வளைவிலும் கொட்டிவிட்டு வருவாள் கேக்கம்மா. மற்றவர்கள் உடம்பைச் சாய்த்து வழுக்கிக்கொண்டு போவார்கள். இவள் வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைப் பிடித்து, நட்டுவைத்த கம்பம் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல மெதுவாகத் திரும்புவாள். அதற்குள் முன்னால் போனவர்கள் இருபது அடி போயிருப்பார்கள். விரட்டிப் பிடிப்பாள். அடுத்த வளைவு வந்துவிடும். பத்துச் சுற்றில் ஐம்பது தடவை தொலைத்து ஐம்பது தடவை தேடிப் பிடிக்கிறவளுக்குக் கடைசியில் காலில் என்ன மிச்சம் இருக்கும்?

வருடத்தின் கடைசிப் பந்தயத்தில் முதல் நான்கு இடம் பிடிக்கும் பெண்களைத்தான் தேசியப் போட்டிக்கு வேனில் அழைத்துப் போவார்கள். மூன்று வருடமாக அவள் அந்த வேனுக்குக் கையசைத்து வழியனுப்பி வைத்திருக்கிறாள். முதல் வருடம் ஆறாவது, அப்புறம் இரண்டு வருடமும் ஐந்தாவது. இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான் என்று அவளுக்கே தெரியும். பயிற்சி கொடுக்கிறவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"அடுத்த வருஷம் காலேஜ்லேர்ந்து ஒரு பட்டாளமே வருது. ஒவ்வொருத்தியும் காத்து மாதிரி இருக்கா. பார்த்துக்குங்க."

அவரைச் சங்கத்தில் விசில்காரர் என்பார்கள். வார நாளில் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் விசிலோடு வளைவில் நின்றுகொண்டு எல்லாரையும் திட்டுவார். கேக்கம்மா வயதுதான் அவருக்கும். கேக்கம்மாவுக்கு அவர் சொன்னது நான்கே விஷயம். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். வெளிப்பக்கத்து மிதியைக் கீழே இறக்கி அதன்மேல் கனத்தைப் போட வேண்டும். உள்பக்கத்துக் கையை லேசாக அழுத்த வேண்டும். கண் சாலை ஓரத்தைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

நான்கும் அவளுக்கு மனப்பாடம். ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் வளைவு வந்ததும் விரல் தானாகப் போய்ப் பிரேக்கைப் பிடித்துவிடும்.

"பெட்டியில கேக் இல்லைங்க! கேக் இல்லை!" என்று வளைவில் நின்று கத்துவார் விசில்காரர். கூட வரும் பெண்கள் சிரிப்பார்கள். கேக்கம்மாவும் சிரித்து வைப்பாள். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் அதுதான். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மூன்றடுக்குக் கேக்கைத் திருப்பத்தில் சாய்த்துவிட்டாள். முதலாளி வாய்க்கு வந்தபடி பேசினார். அன்றிலிருந்து, பெட்டி சாயக் கூடாது என்று அவள் உடம்பு தானாகவே ஒரு பாடம் படித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று உடம்புக்கு யார் சொல்வது?

இத்தனைக்கும் அவள் நாத்தனாரும் அதே சங்கத்தில்தான் ஓட்டுகிறாள். கணவனின் தங்கை, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, ஒரே வீட்டில்தான் இருப்பு. மேடு வந்தால் புலம்புவாள், காற்றடித்தால் புலம்புவாள், ஆனால் எப்போதும் மூன்றாவதோ நான்காவதோ வந்துவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். பாத்திரம் கழுவும் நேரம் பார்த்துச் சரியாக அவளுக்கு ஒரு போன் வரும்.

"அண்ணி, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. வளைவுல சும்மா விட்டுடணும்."

"எதை விடணும்?"

"எல்லாத்தையும்."

"சோப்புக் கையோட வா, உன்னை விடறேன்."

கடைசிப் பந்தயத்துக்கு ஆறு வாரம் இருந்தது. பேக்கரியில் ஒரு கேக்கை ஆர்டர் கொடுத்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து காய்ந்துபோன அந்தக் கேக்கைத் தூக்கி எறியச் சொன்னார் முதலாளி. கேக்கம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவரிடம் கேட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வேலை சைக்கிளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு காலை, பூட்டிக் கிடந்த ஒரு மேசை நாற்காலிக் கிடங்கின் எதிரே இருந்த பெரிய சிமென்ட் தரைக்குப் போனாள். தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்து வளைவு போட்டாள். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருக்கும் அவள் கணவன் கூடவே வந்து திட்டில் உட்கார்ந்தான்.

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"இந்தக் கேக்கைக் கொல்லப் போறேன். ஒரு தடவை கண் முன்னால நாசமாப் போனாத்தான் இந்தக் கைக்குப் பயம் போகும்."

பெட்டியில் கேக்கை வைத்து மூடினாள். தூரத்திலிருந்து வேகமாக மிதித்து வந்தாள். போனால் போகட்டும் என்று இரண்டு கை விரல்களையும் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டாள். வெளிமிதியை அழுத்தி, தூரத்துப் பாட்டிலைப் பார்த்து, சைக்கிளைச் சாய்த்தாள். அரைவட்டமாக ஒரே வீச்சில் திரும்பி வந்து நின்றாள். திறந்து பார்த்தால், கேக் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மேலிருந்த க்ரீம் ரோஜாவில் ஓர் இதழ்கூட நலுங்கவில்லை.

மறுபடி போனாள், இன்னும் வேகமாக. ரோஜா அப்படியே இருந்தது. இன்னும் சாய்த்தாள். அப்போதும் அசையவில்லை.

அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வழக்கமாகத் திரும்புகிற மாதிரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, நடு வளைவில் பிரேக்கைப் பிடித்தாள். தகரத்தில் பொதக்கென்று சத்தம் கேட்டது. கேக் முன்னால் வழுக்கிப் போய்ப் பெட்டியின் சுவரில் அப்பிக்கொண்டிருந்தது.

கேக்கம்மா சைக்கிளை நிறுத்திவிட்டுத் திட்டில் வந்து உட்கார்ந்தாள். சாய்ந்து திரும்பினால் கேக்கும் சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்து அழுந்தி உட்கார்ந்துகொள்கிறது. பிரேக்தான் அதைத் தள்ளுகிறது. முதல் வாரத்தில் அந்த மூன்றடுக்கைக் கவிழ்த்ததும் பிரேக்தான். அதற்குப் பரிகாரம் என்று பதினோரு வருடமாக இன்னும் பலமாகப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பதினோரு வருஷம்ங்க," என்றாள்.

கணவன் பெட்டிக்குள் விரலை விட்டு வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "கேக்குக்குத் தெரிஞ்சிருக்கு, உனக்குத்தான் தெரியலை."

"வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க."

மறுநாளிலிருந்து கேக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதே பழகினாள். ஒரு கேக்கும் கவிழவில்லை. என்னம்மா சீக்கிரம் வந்துட்டே, வீடு பூட்டியிருந்ததா என்று முதலாளி கேட்டார். நான்காவது வாரம் நீரேற்று நிலையத்தின் ஐந்தாம் வளைவில் அவள் சாய்ந்து போனதைப் பார்த்து விசில்காரர் விசில் ஊத மறந்து நின்றார்.

கடைசிப் பந்தயத்தன்று இருபத்தாறு பேர் கிளம்பினார்கள். ஆறு சுற்று வரை எல்லாரும் ஒரே கூட்டமாகப் போனார்கள். ஏழாவது சுற்றின் மேட்டில் கேக்கம்மா எழுந்து நின்று மிதித்தாள். உச்சியில் திரும்பிப் பார்த்தபோது நான்கு பேர்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நாத்தனார். இறக்கத்தில் முதல் வளைவு வந்தது. கேக்கம்மா பிரேக்கைத் தொடவில்லை. ஓர் அடிகூடத் தொலையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. பெரிய கூட்டம் பின்னால் எங்கோ கிடந்தது.

ஐந்து பேர், நான்கு இடம். பின்தங்கிய கூட்டம் பிடித்துவிடுமோ என்ற பயம்தான் அவளுக்கு. இவ்வளவு காலம் விரட்டியே பழகியவளுக்கு, விரட்ட ஆள் இல்லாத இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்னால் போய் மிதித்தாள். ஒருவரின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றெல்லாம் அவர்மேல் மோதும், ஒட்டியிருப்பவருக்கு உழைப்பு மிச்சம். அந்த நான்கு பேரும் மூன்று சுற்றுக்கு மேல் கேக்கம்மாவின் முதுகுக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாக மிதித்தாள்.

கடைசி வளைவை அன்றைய பந்தயத்திலேயே மிக அழகாக எடுத்தவள் அவள்தான். கோட்டுக்கு முந்நூறு மீட்டர் இருந்தது. இடப்பக்கம் இரண்டு பேர், வலப்பக்கம் இரண்டு பேர், கதவைத் திறந்துகொண்டு வருவதுபோலத் தாண்டிப் போனார்கள். எழுந்து மிதித்தாள். காலில் ஒன்றும் இல்லை. நான்காவது வந்தவளுக்கும் அவளுக்கும் அரைச் சக்கரம்தான் தூரம்.

விசில்காரர் ஓடி வந்தார். "வளைவு பிரமாதம்ங்க! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"எத்தனாவது சார்?"

"அஞ்சு."

"அப்ப கண்ணைத் துடைச்சுக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. "மூணு சுத்தும் நீங்களே இழுத்தா எப்படி? அவங்க நாலு பேரையும் வேன்ல ஏத்திவிட்டதே நீங்கதான். சுத்துக்கு ரெண்டு தடவையாவது பின்னாடி போய் உக்காந்திருக்கணும்."

"இதை ஏன் சார் முன்னாடியே சொல்லலை?"

"முன்னாடி போற கூட்டத்துல நீங்க இருந்ததே இல்லையேம்மா. வராத வியாதிக்கு என்னன்னு மருந்து சொல்றது?"

அவளுக்கு அவர் கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கிச் சாக்கடையில் போட வேண்டும்போல இருந்தது. போடவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். எதிர்க்காற்று. மூன்றாவதாக வந்த நாத்தனார் விரட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் சேர்ந்தாள்.

"அண்ணி, நான் ரெண்டு தடவை கத்தினேன். பின்னாடி வாங்க, மத்தவங்க இழுக்கட்டும்னு."

"கத்தினே. முன்னாடி வந்தியா?"

காற்று முகத்தில் அறைந்தது. கேக்கம்மாவின் கால்கள் கெஞ்சின.

"வந்திருந்தா நான் அஞ்சாவதாயிருப்பேன் அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக. அது உண்மை என்பதால் கேக்கம்மாவுக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

நாத்தனார் முன்னால் நகர்ந்து, காற்றை வாங்கிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள். ஒரு கிலோமீட்டர் வரை கேக்கம்மா வீம்பாகத் தள்ளியே வந்தாள். அப்புறம் முடியவில்லை. ஒதுங்கி அந்தப் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். சட்டென்று காற்றின் இரைச்சல் நின்றது. மிதி தானாகச் சுற்றியது. மூச்சு இறங்கியது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

இவ்வளவுதானா? இவர்கள் எல்லாரும் இத்தனை வருடமாக இப்படியா வந்துகொண்டிருந்தார்கள்? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கண் மறைத்து முன்சக்கரத்தில் இடித்துவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள்.

ஏழு கிலோமீட்டர் ஆனது. நாத்தனாரின் கழுத்து வியர்வையில் மின்னியது. அவள் முழங்கையை ஆட்டினாள். நீ முன்னால் வா என்பதற்கு அதுதான் சைகை. கேக்கம்மா அசையவில்லை.

"அண்ணி, கால் போச்சு அண்ணி. ஒரு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி வாங்களேன்."

"மாட்டேன்," என்றாள் கேக்கம்மா. "மிதி."