பயொப்ஸிக்கு முன் ஒரு மாத்தளைப் பயணம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்டியில் மாத்தளை பஸ் ஏறினேன். கொழும்பிலிருந்து முதல் நாளே வந்து மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தேன். பயணத்துக்குக் காரணம் என் புரொஸ்டேட் சுரப்பி. இப்படி ஒன்று உடம்புக்குள் இருப்பதே தெரியாமல் அறுபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டேன். இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்ற எண் ஏறிய பிறகுதான் இருவரும் அறிமுகமானோம்.

ஊசி குத்திச் சதையில் துளி எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பெயர் பயொப்ஸி, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார் டாக்டர். வருவதானால் வெள்ளி பிற்பகல் நாலு மணிக்குள் கிளினிக்குக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான்.

அந்த ஊசி பின்பக்க வழியாகப் போகும் என்று கேட்டறிந்த நாளிலிருந்து எனக்குத் தாவரங்கள் மீது பெரிய மரியாதை. மஞ்சள், மாதுளை, பச்சைத் தேயிலை, புரோக்கோலி இவற்றையெல்லாம் குளிசையாக்கிப் புரொஸ்டேட் புற்றுநோய்க்காரர்களுக்குக் கொடுத்து ஆராய்கிறார்கள் என்று இணையத்தில் படித்தேன். சிலருக்கு அந்த எண் ஏறும் வேகம் குறைந்ததாம். இன்னும் ஆராய வேண்டும், இது சிகிச்சைக்குப் பதிலல்ல என்று கீழே எழுதியிருந்ததையும் படித்தேன்; கல்யாண வீட்டுக்காரன் மழை அறிவிப்பைப் படிப்பது மாதிரி. மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டங்களில் எல்லா நோய் வருத்தத்துக்கும் மருந்துப் போத்தல் உண்டு என்பது நாடறிந்த சேதி. ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு ஊசிக்கு டிமிக்கி கொடுப்பதுதான் திட்டம்.

கண்டியிலிருந்து மாத்தளை இருபத்தைந்து கிலோமீட்டர். வழியில் அக்குறணைக் கடைத்தெரு நெரிசலில் பஸ் மூச்சு வாங்கி, எட்டரைக்கு மாத்தளை ஸ்டாண்டில் இறக்கிவிட்டது. இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு ஒரு த்ரீவீலைப் பிடித்தேன். ஓட்டுநர் பெயர் முருகேசு. வடக்கே இருக்கும் நாலந்தாக் கோயில் வரை போய்வர மூவாயிரம் ரூபாய், வழியில் தோட்டம் பார்ப்பது இலவசம் என்றார்.

"எந்தத் தோட்டம் சேர்? எனக்குக் கமிஷன் குடுக்கிற தோட்டமா, குடுக்காத தோட்டமா?"

"குடுக்காத தோட்டம்" என்றேன்.

"அப்படி ஒன்னு இல்லீங்களே!"

இவ்வளவு நேர்மையான மனிதரோடு நான் அதிகம் பயணம் செய்ததில்லை.

பத்து மணிக்குத் தோட்டம். மரங்களின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மிளகுக் கொடி மேலே ஏறியிருந்தது. ஏலக்காய் உச்சியில் காய்க்கும் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். அது காலடி மண்ணோடு மண்ணாகக் காய்த்துக் கிடந்தது. கொக்கோ காய்கள் கிளையைக்கூட நம்பாமல் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கறுவாப் பட்டையைக் கிள்ளி மோந்தேன். அந்த ஒரு மோப்பத்துக்கே பஸ் காசு சரியாகிவிட்டது.

சுற்றிக் காட்டியவர் தவமணி என்ற பெண், நாற்பது வயதிருக்கும். வெள்ளைக்காரத் தம்பதியை ஜெர்மன் மொழியில் வழியனுப்பி, வேலையாளைச் சிங்களத்தில் விரட்டிவிட்டு, என் பக்கம் தமிழில் திரும்பினார்.

"எங்க தோட்டத்துப் பழக்கம் ஒன்னு இருக்கு சேர். சாமானை உங்க உடம்புல காட்டித்தான் விப்போம்."

சொன்னபடியே காட்டினார். காலில் ஒரு களிம்பைப் பூசிப் பத்து நிமிஷத்தில் துடைத்தார்; தீப்பெட்டி அளவு இடத்தில் என் ரோமம் குடிபெயர்ந்திருந்தது. மூக்கடியில் ஒரு தைலம் தொட்டார். மூன்று நாளாக அடைத்திருந்த மூக்கு திறந்தது. வேலையாளைக் கூப்பிட்டு என் கழுத்தில் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். பிடித்துக்கொண்டிருந்த கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. நான் முழுதாக வலையில் விழுந்துவிட்டேன்.

மெல்ல அருகில் போய், "தங்கச்சி, ஆம்பிளைகளுக்கு... சிறுநீர்ப் பக்கம்..." என்று இழுத்தேன்.

"புரொஸ்டேட்டா சேர்?" என்றார், நாலந்தாவுக்குக் கேட்கும்படி. முருகேசு திரும்பிப் பார்த்தார். மரத்திலிருந்த அணில்கூடப் பார்த்தது.

போத்தல் வந்தது. ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். பழக்க தோஷத்தில் கையை நீட்டி, "காட்டுங்க" என்றேன்.

தவமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதை எங்கன்னு பூசிக் காட்டுறது?"

"சேர் வெக்கப்படுறாரு, விடுங்கக்கா" என்றார் முருகேசு.

சிரித்து முடித்ததும் தவமணி போத்தலை மேசையில் வைத்தார். "ராத்திரியில எந்திரிக்கிறது கொறஞ்சிச்சின்னு வாங்கிட்டுப் போனவங்க போன் பண்ணிச் சொல்றாங்க. ஆனா உள்ளுக்குள்ள என்னா நடக்குதுன்னு நான் எப்படிக் காட்டுவேன்? டாக்டர் என்னா சொன்னாரு?"

"ஊசி போட்டுப் பாக்கணுமாம், செவ்வாய்க்கிழமை."

"பாத்துட்டு வாங்களேன். தோட்டம் எங்கயும் போகாது."

நூறு கிராம் மிளகு மட்டும் வாங்கினேன்.

த்ரீவீலில் ஏறிய பிறகுதான் நான் படித்தது முழுதாக மண்டைக்குள் இறங்கியது. அந்த ஆராய்ச்சிகளில் குளிசை விழுங்கியவர்கள் தமக்கு என்ன நோய் என்று சோதித்து அறிந்தவர்கள். முதலில் ஊசி, அப்புறம்தான் மாதுளை. நான் மாதுளையிலிருந்து ஆரம்பிக்கப் பார்த்தேன்.

நாலந்தா கெடிகேயை அடையும்போது ஒன்றரை. வாவிக்குள் நீளும் நிலத்தில், இந்துக் கோயில் மாதிரிக் கட்டிய பௌத்தக் கற்கோயில் சத்தமில்லாமல் நிற்கிறது. யார் கட்டியது என்ற சண்டையே இல்லாத அழகு. அதைச் சுற்றி நான் நடந்த நடைக்குப் பக்தி காரணமல்ல; போனைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக் நம்பரை அழுத்தாமலிருக்க நடந்தேன். மூன்று மணிக்கு அழுத்தினேன்.

"வேற ஏதும் மருந்து பாவிக்கிறீங்களா?" என்று கேட்டார் நர்ஸ்.

"மருந்தில்ல மிஸ். மஞ்சள் குளிசையும் பூண்டுக் குளிசையும். ஒரு மாசமா."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அது சாப்பாடுதானே..."

"சாப்பாட்டுல போடுறது வேற, இப்படிக் குளிசையா முழுங்குறது வேற. ரத்தம் நிக்க லேட்டாகலாம். இன்னைக்கே நிப்பாட்டுங்க, டாக்டர்கிட்ட நானும் சொல்றேன். அந்தக் குளிசைப் போத்தலைக் கொண்டு வாங்க. சரி, செவ்வாய்க்கிழமை வாறீங்களா, இல்லையா?"

எதிரே வாவியில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் காத்திருந்தது.

"வாறேன்" என்றேன்.

கண்டி பஸ்ஸில் திரும்பும்போது கொழும்புக் கடைக்காரரை நினைத்துக்கொண்டேன். மஞ்சள் குளிசை விற்றபோது அவர் என் வயதைக்கூடக் கேட்கவில்லை. தவமணியோ கைக்கு வந்த வியாபாரத்தை ஒரு கேள்வி கேட்டுத் தள்ளி வைத்தார். பரிசோதனை முடிவு வந்து, டாக்டரும் சரியென்றால், அந்தப் போத்தலை அவரிடமே வாங்க வருவேன். அந்தத் தோட்டத்தைப் பார்க்கவாவது இன்னொரு முறை வரத்தான் வேண்டும். பயம் போய்விட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். உட்கார இடமிருந்தும் கண்டி வரை நின்றுகொண்டே வந்தேன்.