கால் கட்டைவிரலில் ஒரு நாடா

எழுபதுகளின் பிற்பகுதி. சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட்டாக இருந்தேன். எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும், எத்தனை நாளில் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் யாருக்கு மெமோ கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். விடுப்பு விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பெருமையடித்துக்கொள்வேன். என்னைத் தூக்கத்தில் எழுப்புவது எவ்வளவு கடினம் என்பது அந்த வருடம்தான் தெரிந்தது.

ஜூன் மாதத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. குரல் பக்கத்து அறைக்குக்கூட எட்டாது. ஆனால் புத்தி மட்டும் பழைய கூர்மையோடு இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்த்தவள் அவள்.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தோம். அதன்பின் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், இனி எழுந்து நடப்பது சந்தேகம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், பகலானாலும் இரவானாலும். இந்த வயதில் படுக்கைப் புண் வந்து சீழ் வைத்தால் பிழைப்பது கஷ்டம்.

சத்தியவேட்டிலிருந்து என் அக்கா வந்தாள். இரண்டு நாள் முறையாக அழுதாள். மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஆக, வீட்டில் மிஞ்சியது நானும் என் மனைவியும்.

நான் செய்த முதல் காரியம், ஒரு ரிஜிஸ்டர் போட்டது. முழுநீளத் தாள்களைத் தைத்து, சிவப்பு மையில் கோடு கிழித்து, தேதி, நேரம், எந்தப் பக்கம், கையெழுத்து, ரிமார்க்ஸ் என்று ஐந்து பத்திகள் பிரித்தேன். பகல் ட்யூட்டி மனைவிக்கு, இரவு ட்யூட்டி எனக்கு. அம்மாவின் கட்டில் தலைமாட்டில் ஆணியடித்து மாட்டினேன்.

"மாவு அரைக்கிறதுக்கும் ஒரு ரிஜிஸ்டர் போட்டுடுங்களேன், கையோட" என்றாள் மனைவி.

முதல் வாரம் பிரமாதமாக நடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு, தலைமாட்டில் அலாரம் கடிகாரம் வைத்துக்கொண்டு படுத்தேன். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. அம்மாவைத் திருப்புவேன், முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுப்பேன், கையெழுத்துப் போடுவேன். காலையில் சிவந்த கண்களோடு அலுவலகம் போய், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் என் தியாகத்தை விவரிப்பேன். ஒரு வாரத்தில் அலுவலகம் முழுக்க நான் ஒரு மகான்.

இரண்டாம் வாரம் உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. அலாரம் அடிக்கும். என் கை தானாகப் போய் அதை அமுக்கும். என் மூளைக்குத் தகவலே வராது. விடிந்து பார்த்தால் ரிஜிஸ்டரில் இரண்டு மணியும் நான்கு மணியும் காலியாக இருக்கும். காலிப் பத்தியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவனா நான்? நிரப்பிவிடுவேன். மூன்றாம் வாரத்தில் இன்னும் முன்னேறினேன். காலையில் நிரப்புவானேன் என்று, சாயங்காலமே இரவு முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவைத்தேன்.

அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தேர்தல் நேரத்து இரவுக் காவல் ரிஜிஸ்டரில், பத்து மணிக்கே மறுநாள் காலை ஆறு மணி வரை கையெழுத்துப் போட்டுவிட்டு மேசைமேல் தலைசாய்ப்பது வழக்கம்தான். அதற்காக நானே பலருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். வீட்டில் எனக்கு மேல் அதிகாரி இல்லை என்பதுதான் கோளாறு.

நடுவில் ஒருநாள் மனைவி, "அத்தைக்கு இடுப்புக்குக் கீழ, நடு எலும்புகிட்ட செவந்துக்கினு கீது, பாருங்க" என்றாள். நான் பவுடர் போடச் சொல்லிவிட்டு, ரிமார்க்ஸ் பத்தியில் எழுதினேன்: 'லேசான சிவப்பு. கவனிக்கப்படும்.'

எங்கள் தெருக்கோடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தார். எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்தவர். வயதில் எனக்கு இளையவர், நாக்கு மட்டும் மூத்தது. நாலு நாள் கழித்து ஒரு மாலை, ட்யூட்டி முடிந்து வருகிற வழியில் அம்மாவைப் பார்க்க வந்தார். நான் பெருமையாக ரிஜிஸ்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"இன்னாண்ணா இது? பன்னண்டு மணிக்கு வலப்பக்கம், ரெண்டு மணிக்கு இடப்பக்கம், நாலு மணிக்கு வலப்பக்கம். கையெழுத்தெல்லாம் ஜோரா கீது. நாளைக்குத் தேதி போட்டிருக்கு. இப்ப மணி எட்டரைதானே ஆவுது?"

மனைவி சட்டென்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

நர்ஸ் ரிஜிஸ்டரை ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவை மெதுவாகப் புரட்டி, சேலையை விலக்கிப் பார்த்தார். காலையில் சிவப்பாக மட்டும் இருந்த இடம், எட்டணா அகலத்துக்குத் தோல் உரிந்து ஈரமாக மின்னியது. அவர் விரல் நுனியால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் மேலாப்பலதான் கீது. உள்ள எறங்கி எலும்பைத் தொட்டுச்சுன்னா அம்மா ஒரு மாசம் தாங்க மாட்டாங்க. அப்புறம் உங்க ரிஜிஸ்டரையும் கூடவே வெச்சு அடக்கம் பண்ண வேண்டியதுதான்."

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் ஒரு கொரல் குடுக்கக் கூடாதாம்மா? ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினுதானே கீறீங்க?"

அம்மா குழறிக் குழறிச் சொன்னாள். "பகலெல்லாம் ஆபீசு... அசந்து தூங்கிக்கினு இருந்தான். எழுப்ப மனசு வரலம்மா."

"நல்லா கீது! ஒருத்தரு எழுப்ப மாட்டீங்க, ஒருத்தரு எழுந்துக்க மாட்டீங்க."

என் அம்மா வலியோடு விழித்திருந்து, நான் குறட்டை விடுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். தலைக்கு மேலே, அவளைத் திருப்பியாகிவிட்டது என்று என் கையெழுத்து தொங்கியிருக்கிறது. உப்புப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு நர்ஸ் போன பிறகு, அந்தத் தாள்களைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். என் அரசுப் பணிக்காலம் முழுவதிலும் நான் அழித்த ஒரே ரிஜிஸ்டர் அதுதான்.

அன்றிரவு கண்ணை மூடுவதில்லை என்ற சபதத்தோடு உட்கார்ந்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நைனா" என்றாள். எங்கள் பக்கத்தில் அப்பனையும் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவோம். "எத்தினி நாளைக்கு இப்படி குந்திக்கினு இருப்ப? பாவாடை நாடா ஒண்ணு எடு. ஒரு மொனையை என் கையில கட்டு. இன்னொண்ணை உன் கால் கட்டைவெரல்ல கட்டிக்கினு படு. நேரம் ஆச்சுன்னா நான் இழுக்கறேன்."

"உனக்கு மணி எப்படிம்மா தெரியும்?"

"கஜானாவுல அடிக்கறானே, காதுல உழலையா?"

எங்கள் வீடு கஜானா அலுவலகத்துக்குப் பின்தெரு. அங்கே காவல் நிற்கும் போலீஸ்காரர் இரவு முழுக்க மணிக்கொருமுறை வெண்கலத் தட்டில் அடிப்பார். பல வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன். ஒரு இரவுகூட அந்தச் சத்தம் என்னை எழுப்பியதில்லை.

முதல் இழுப்புக்கு, எலி கடிக்கிறது என்று நினைத்துத் துள்ளி எழுந்தேன். இரண்டாவது இழுப்புக்குக் கொஞ்சம் முனகினேன். மூன்றாம் நாள் முதல் பழகிவிட்டது. உள்ளூர அம்மாவுக்கு இதில் ஒரு குஷி. நான் கொஞ்சம் தாமதித்தால் வெடுக் வெடுக்கென்று மூன்று தரம் இழுப்பாள். "ஒண்ணாங் கிளாஸ் புள்ளைகூட ஒரு தபா கூப்ட்டா எழுந்துக்கும்" என்பாள். அந்த அலாரத்தை என்னால் அமுக்க முடியவில்லை.

நர்ஸ் காலையிலும் மாலையிலும் வந்து கட்டு மாற்றினார். மனைவி முட்டையும் கேழ்வரகுக் கஞ்சியும் கொடுத்து அம்மாவின் உடம்பில் கொஞ்சம் சதை ஏற்றினாள். புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப் பார்த்தது. எட்டணா நாலணாவானது, நாலணா மிளகளவானது. செப்டம்பர் கடைசியில் ஒருநாள் நர்ஸ் கட்டைப் பிரித்தார். திரும்பக் கட்டவில்லை. "இனிமே நான் காப்பி குடிக்கத்தான் வருவேன். டிகாஷன் திக்கா இருக்கணும், சொல்லிட்டேன்" என்றார். மனைவி ஓடிப்போய் அப்போதே போட்டாள்.

அக்டோபர் நடுவில் எனக்கு இன்னொரு பயம். இழுப்பு பலவீனமாகிவிட்டது. முன்பு வெடுக்கென்று வருவது, இப்போது ஏதோ பூச்சி ஊர்வது போல வந்தது. சில நேரம் பாதியில் நின்று, மறுபடி தொடங்கியது. வலது கையும் போகிறதோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நாடா இடது கையில் கட்டியிருந்தது.

"யாரு மாத்திக் கட்டினது?"

"உன் பொண்டாட்டிதான். நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "சோத்துக்கையே எல்லா வேலையும் செஞ்சிக்கினு இருந்தா இது சோம்பேறியாப் பூடும். நர்சம்மாவும் ஆட்டு ஆட்டுன்றாங்க. சும்மா ஆட்டறதுக்கு உன்னை இழுத்தா ஒரு வேலையாச்சும் ஆவும்."

அவள் நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு இழுப்புக்குக் கால்மணி நேரம் போராடியிருக்கிறாள்.

பிறகு நவம்பர் மழையில் ஒரு நாள். கண் விழித்தேன். ஜன்னலில் வெளிச்சம். தெருவில் பால்காரன் சைக்கிள் மணி. நாடா என் கட்டைவிரலில் தொளதொளவென்று கிடந்தது. பத்து மணிக்கு நான்தான் திருப்பிவிட்டுப் படுத்தேன். அதற்குப் பிறகு ஒரு இழுப்புகூட வரவில்லை.

தலையைத் தூக்கிக் கட்டிலைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. எனக்குத் தெரிந்த விதிகளில் ஒன்றுகூட அந்தச் சில விநாடிகளுக்கு உதவவில்லை. கடைசியில் எழுந்தேன். இரவு என் பக்கம் பார்க்கப் படுக்கவைத்த அம்மா, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது.

"இன்னாடா, விடிஞ்சிடுச்சா?"

"யாரும்மா உன்னைத் திருப்பினது?"

"யாரு வருவாங்க? நானேதான். கட்டில் சட்டத்தைப் புடிச்சிக்கினு, ராத்திரி மூணு தபா."

"என்னை எழுப்பியிருக்கலாமே!"

"எதுக்கு? வேலைதான் ஆயிடுச்சே."

நான் போட்ட கூச்சலில் மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். அம்மா அவளுக்காக ஒருமுறை புரண்டு காட்டினாள். நர்ஸை அழைத்துவந்தேன், அவருக்காக ஒருமுறை. எதிர்வீட்டார் எட்டிப்பார்த்தார்கள், அவர்களுக்காக ஒருமுறை. "நான் இன்னா சர்க்கஸா காட்டறேன்?" என்று அலுத்துக்கொண்டாள். ஆனாலும் இன்னும் நாலு பேர் வந்திருந்தால் புரண்டிருப்பாள். வேலையில் சேர்ந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு மணி நேரம் தாமதமாக அலுவலகம் போனேன். காரணத்தைப் பியூனிலிருந்து அதிகாரிவரை எல்லோரிடமும் சொன்னேன்.

டிசம்பரில் உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனோம். மார்ச்சில் மூன்று கால் வைத்த கோலை ஊன்றி நடந்தாள்.

ஏப்ரலில் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போனோம். சீட்டு வாங்கும் ஜன்னலில் இருந்தவர் பழைய காகிதத்தைப் படித்தார். "பேஷன்ட் எங்கே?" என்று தெலுங்கில் கேட்டார். இவங்கதான் என்றேன். அவர் நம்பவில்லை. காகிதத்தில் 'படுத்த படுக்கை' என்று இருக்கிறது, ஸ்ட்ரெச்சரில்தான் உள்ளே அனுப்ப முடியும், அதற்கு வரிசையில் காத்திருங்கள் என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அம்மா கோலைத் தரையில் ஒரு தட்டு தட்டினாள். "அப்படி எழுதினவனை வந்து படுத்துக்கச் சொல்லுப்பா" என்று தெளிவான தெலுங்கில் சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி டாக்டர் அறைக்கு நடந்தாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்து வழிவிட்டார்கள். அம்மாவைப் பார்த்ததும் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். நோயாளிக்காக டாக்டர் எழுந்து நின்றதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டுவதற்குள் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சித்தூர் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள், தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு.

இன்றும் உறவினர் யாராவது, அம்மாவுக்காக மாதக்கணக்கில் தூக்கத்தைத் துறந்த மகன் என்று என்னை அறிமுகப்படுத்துவதுண்டு. கோப்புகளைத் திருத்தியே பழகிய நான் அதையும் உடனே திருத்திவிடுகிறேன்: அந்த வீட்டில் அத்தனை மாதமும் இரவு ட்யூட்டி பார்த்தது அம்மா.