வெட்டிவேர்த் தட்டியும் பிள்ளைத் துணியும்

கைக்குழந்தையோடு வேலைக்குப் போய் அவதிப்பட்டவர்களே, நான் பார்த்தது ஒரு மிஷினுக்குப் புழுங்காமல் பார்த்துக்கொள்கிற வேலை.

எழுபதுகளில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கேஸ் டர்பைன் ஓட்டிச் சொந்தமாக மின்சாரம் எடுத்தார்கள். வெயில் ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும், மின்சாரம் குறையும். அதனால் அது காற்று இழுக்கிற பெரிய ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டியிருந்தார்கள். ஈரம் காயாமல் அதை நனைப்பது எனக்கும் அலமேலு அக்காவுக்கும் வேலை.

தூளி

சேர்ந்த அன்றே வேப்பமரத்தில் தூளி கட்டினேன். வீட்டுக்காரர் லாரியில் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பிள்ளையை விட்டுவர வேறு ஆளும் இல்லை. ஃபோர்மேன் தூளியையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டிக்கோ. ஆனா மிஷினுக்கு இன்னா இடைஞ்சல் வந்தாலும் நீயும் புள்ளையும் வூட்டுக்குப் போய்கினே இருக்கணும்."

கடல்காற்று

மத்தியானம் மகாபலிபுரம் பக்கமிருந்து ஈரமான கடல்காற்று திரும்பிவிட்டால், எவ்வளவு ஊற்றினாலும் மின்சார அளவைக் காட்டுகிற மீட்டர் முள் அசையாது. சோம்பேறி என்று பேர் வாங்கக் கூடாதே என்று நான் குடம் குடமாய் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் குடத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"கடக்காத்து குளிச்சிட்டுதாம்மா வருது. போய் உன் புள்ளைய குளிப்பாட்டு."

முக்காடு

ஒருநாள் பிள்ளை இருந்த துணியை எல்லாம் நனைத்துவிட்டான். அலசித் தட்டிமேல் போட்டால் காற்றும் குளிரும், துணியும் காயும் என்று நினைத்தேன். யோசனை பிடித்துப்போய் அலமேலு அக்கா தன் மாற்றுப் புடவையையும் அலசிப் போட்டார். மிஷின் இழுத்த இழுப்பில் அத்தனையும் தட்டியோடு ஒட்டிக்கொண்டன. காற்று போக வழியில்லை. முள் சரசரவென்று இறங்கியது. ஃபோர்மேன் ஓடிவந்து ஒவ்வொன்றாய் உரித்தெடுத்தார்.

"இன்னாம்மா, மிஷினுக்கு முக்காடு போட்டு வுட்டுட்டியே."

கொடி

மின்சாரம் குறைந்ததைப் பார்த்து இன்ஜினியர் வந்தார். நான் தூளியை அவிழ்க்க ஆரம்பித்தேன். ஃபோர்மேன் கையில் ஈரத் துணிகளோடு, "அனுப்பிடலாமா சார்?" என்றார். இன்ஜினியர் காய்ந்துகொண்டிருந்த தட்டியைப் பார்த்தார்.

"அனுப்பிட்டா தட்டிய நானா நனைக்கறது? பின்பக்கம் சூடா வெளிய வர்ற காத்து யாருக்கும் வேணாம். அங்க தள்ளி ஒரு கொடி கட்டிக் குடுங்க. தூளி இங்கயே இருக்கட்டும்."

முன்பக்கம் குளிர்ச்சி, பின்பக்கம் சூடு, நடுவில் கொஞ்சம் மின்சாரம் என்றால், ஒரு குடித்தனத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?