மாளிகையம்மாவின் வியாழக்கிழமைகள்

மாளிகையம்மாவுக்குப் பாடவும் வராது, வரையவும் வராது. ஆசைப்பட்டு வயலின் கற்றுக்கொள்ளப் போனபோது, மூன்றாம் நாளே வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆனால் யாரை யார் பக்கத்தில் உட்காரவைத்தால் பேச்சு களைகட்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

கணவர் போன பிறகு இரண்டு வருடம் அந்தப் பரம்பரை மாளிகை பூட்டியே கிடந்தது. கூடத்து நாற்காலிகள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு நின்றன. ஒரு மழைநாளில், பின்தெரு மாடி அறையில் குடியிருந்த ஓவியர் வாசலுக்கு வந்தார். கூரை ஒழுகுகிறது, படங்களை மட்டும் நாலு நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஆள் தொப்பலாக நனைந்திருந்தார். மாளிகையம்மா துணிகளை உருவிப் போட்டுவிட்டுக் கூடத்தையே அவருக்குத் திறந்துவிட்டாள்.

நாலு நாள் நாலு மாதமாயிற்று. படம் பார்க்க நண்பர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா, புல்லாங்குழல் வாசிப்பார். அவரைக் கேட்க இன்னும் பத்துப் பேர். வியாழக்கிழமை மாலையானால் வீடு கலகலத்தது.

சேதி நாத்தனார் காதுக்கு எட்டியது. கணவரின் அக்கா அவர். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு வியாழக்கிழமை காரிலிருந்து இறங்கியவர், கூடத்தின் நடு நாற்காலியில் அமர்ந்து ஆரம்பித்தார்.

"என் தம்பி உட்கார்ந்த இடத்துல கண்டவங்களையும் கூட்டி வச்சிருக்கியே! நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நாப்பது பேரு வர்றாங்க அண்ணி. நல்லாத்தான் பேசுறாங்க."

அவ்வளவுதான், நாத்தனார் விரலை நீட்டி அரைமணி நேரம் பொரிந்து தள்ளினார். தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதுதான், மூலையில் ஓவியர் மும்முரமாகக் கிறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்ன அது? காட்டு."

ஓவியர் பலகையைத் திருப்பினார். நீட்டிய விரல், அனல் பறக்கும் கண்கள், படையையே நடத்தும் ராணி மாதிரி நாத்தனார்!

"எனக்கு மூக்கு இவ்வளவு பெருசா?"

"இன்னும் கொஞ்சம் பெருசும்மா. பயந்துபோய் நான்தான் குறைச்சுட்டேன்."

நாத்தனார் சிரித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மருமகளாக வந்து இருபது வருடத்தில் மாளிகையம்மா அன்றுதான் அவருடைய பல்வரிசையை முழுதாகப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் பட்டுப்புடவை கட்டிட்டு வரேன். நல்லா வரை."

"பட்டு வேண்டாம்மா. இதே கோபத்தோட வாங்க, போதும்."

அதன்பிறகு நாத்தனார் ஒரு வியாழன் தவறவில்லை. மாளிகையம்மா அவரைக் கூச்ச சுபாவியான குமாஸ்தா பக்கத்தில் உட்காரவைத்தாள். அவர் அதட்டிய அதட்டலில் குமாஸ்தா முதல்முறையாக மேடைக் கச்சேரிக்கே ஒப்புக்கொண்டார். கூட்டம் வாசல்வரை நின்ற ஒருநாள், நாத்தனார் கூடத்தையும் பக்கத்து அறையையும் பிரித்த சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு நடுவுல? இடிச்சுத் தள்ளு."

மாளிகையம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மறுவாரமே கொத்தனார் வந்தார். பாதி இடிந்த சுவருக்கு முன்னால், குமாஸ்தா புல்லாங்குழலிலிருந்து தூசியை ஊதிவிட்டு வாசித்தார். கேட்டவர்கள் தும்மிக்கொண்டே கைதட்டினார்கள்.