மேடையில் நான் சொன்ன முகம்

போன வாரம் நெய்வேலி போயிருந்தேன். நண்பரின் குவார்ட்டர்ஸில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு பத்திரிகைத் துணுக்கோடு காத்திருந்தார்கள். தலைவர்களைப் பற்றி எந்தக் கட்சிப் பேச்சாளர் அதிகக் கேவலமாகப் பேசினார் — நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். பத்திரிகையில் எழுதுகிறவன் இல்லையா?

எனக்கு அந்த யோக்கியதை கிடையாது என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அடக்கம் இல்லை... உண்மை.

அங்கே நிலக்கரி இன்னும் கண்ணில் படாமல், மேல்மண்ணை மட்டும் வெட்டிக்கொண்டிருந்த காலம். கான்ட்ராக்டில் நானும் மண் சுமந்தேன். மந்தாரக்குப்பத்தில் ஒரு கீற்று வீடு. நடுவே ஒரு தட்டி. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என்னோடு வேலை பார்த்த தண்டபாணியும் அவர் மனைவி அஞ்சலையும். எனக்குச் சமைக்க வராது. பத்து மாதம் அந்த அம்மாள் கையால்தான் சாப்பிட்டேன்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்றாலும் எனக்குக் குரல் உண்டு. பெரிய பேச்சாளர் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைக்க உள்ளூரில் ஒருவன் வேண்டுமே — அது நான்தான். அன்று கடலூரிலிருந்து வரவேண்டிய கார் நெடுநேரம் வரவில்லை. விலைவாசி பேசினேன். வேலையை பர்மனென்ட் ஆக்கச் சொல்லிப் பேசினேன். சரக்குத் தீர்ந்தது. பின்வரிசைக்காரர்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். என்ன செய்வது?

எதிர்க்கட்சித் தலைவர் ஒருவருக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அதைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியே பயப்படுகிற முகம் ஓட்டுக் கேட்க வருகிறது என்றேன். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். விடுவேனா? கார் வரும்வரை அந்த முகத்தை விட்டு நகரவில்லை. சிரிப்பு... கைதட்டல்...

பெண்கள் பக்கத்தில் அஞ்சலையும் உட்கார்ந்திருந்தார். நம் வீட்டு ஆள் பேசுகிறார் என்று வந்தவர். அவர் முகத்திலும் அம்மைத் தழும்பு. பத்து மாதம் பார்த்த முகம் — மேடையில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

மறுநாளும் சோறு போட்டார். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு போட்டார். அந்தத் தலைவரைத்தான் சொன்னேன் என்று இழுத்தேன்.

"அவரு எங்க இருக்காருங்க?"

மெட்ராஸில் என்றேன்.

"நீங்க பேசிக்கினு இருந்தது அவரு காதுல வுழுந்திருக்குமா?"

விழுந்திருக்காது என்றேன்.

"அப்ப யாருகிட்டங்க பேசினீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் குழம்பை ஊற்றினார்.

தண்டபாணி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவர மட்டும் ஏன் கேக்கற? நானுந்தான் சிரிச்சேன்" என்றார்.

அதன் பிறகு ஒருநாளும் எனக்கு முன்னால் அந்த முந்தானை இறங்கவில்லை. மாதம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குக் கிளம்பினேன்.

அந்தத் தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை... போன தேர்தலிலும் ஜெயித்தார்.